நெடுங்கண்டல் வட்டையின் கம்மாலை

சித்தாண்டி,
புரட்டாதி 9, 1938.

அன்பான தம்பி கதிர்காமத்தம்பிக்கு,

முருகன் துணையால் நானும் அத்தானும் சுகம். உன் சுகத்தையும் அவனிடமே கேட்டுக்கொள்கிறோம்.

பிரித்ததும் என் எழுத்தைக் கண்டு யோசித்திருப்பாய். எப்போதும் அத்தான் எழுதுவார், நான் அடியில் ஒரு வரி சேர்ப்பேன். இந்த முறை அவருக்கு வேலை கூட. மாரி வெள்ளாமை தொடங்குவதால் நெடுங்கண்டல் வட்டை வயல்களிலிருந்து கொழு, மண்வெட்டி அடிக்க என்று ஆட்கள் கம்மாலைக்கு வந்தபடி இருக்கிறார்கள். அதனால் என்னை எழுதச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

கோடை வெள்ளாமை நன்றாக விளைந்தது. வட்டைக்குச் செய்த இரும்பு வேலைக்குக் கூலியாகக் கம்மாலைக்குரிய கதிர்க்கட்டை எல்லாரும் குறைவில்லாமல் தந்தார்கள். பெரிய வயல்காரரான ஏறாவூர் முகைதீன்பாவாப் போடியார் மட்டும் கதிர்க்கட்டோடு, அறுப்பில் உடைந்த தாக்கத்திகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "என்னகா மகள், உன்ட மாப்பிள்ளை இரும்பில அடிச்சாரா, அப்பளத்தில அடிச்சாரா? கதிர்ல பட்டதும் நொருங்குதே!" என்றார். அத்தான் உள்ளேயிருந்து சிரித்தார். வெளியே வரவில்லை. பிறகு வேறு செய்து கொடுத்துவிட்டோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தாக்கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, வாயை அராவி வெளுப்பாக்கி, இரண்டாம் தரம் தணலில் காட்டும்போது நிறம் ஏறும் அல்லவா? வைக்கோல் நிறம் கண்டவுடன் தோய்ப்பதா, இன்னும் சற்றுப் பொறுப்பதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை

~

திருகோணமலை,
புரட்டாதி 24, 1938.

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டில் மட்டும் உங்கள் கை தெரிவதில்லை.

துறைமுகப் பட்டறையில் ஒரு உலை நம் வீட்டுக் கூடத்தளவு இருக்கும். ஊதுவதற்கு ஆள் இல்லை, இயந்திரம் ஊதுகிறது. தோய்ச்சல் நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது, பேச்சுக் கேட்டால் இரும்பு வெடித்துவிடும் என்று அப்பா நம்மை எப்படி மிரட்டி வைத்திருந்தார்! இங்கே வெள்ளைக்காரத் துரை சரியாக அந்த நேரம் பார்த்துச் சீட்டி அடிக்கிறார். முதல் நாள் இரும்பு வெடிக்கவில்லை, நான்தான் துள்ளி விழுந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கி விளிம்புக்கு வந்தபின் சட்டியை இறக்கப் போனால் பாதிப் பால் அடுப்புக்குத்தான். ஓரத்தில் நுரை கூடும்போதே கை போக வேண்டும். இதுவும் அப்படித்தான். வைக்கோல் நிறம் பழுத்து, அடியில் செம்மை தொடங்கும் முன்னே எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் கத்தி கண்ணாடி போல உடையும். பிந்தினால் ஊதா நிறம் ஓடி, ஈயம் போல வளையும். இன்னொன்று, வெயில் படும் இடத்தில் நிறம் சரியாகத் தெரியாது. மேற்குப் பக்கத் தட்டியை இறக்கிவிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அத்தானுக்குத் தெரியாததா? கேட்பது அவரா, நீங்களா?

அவரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சாமித்தம்பி மாமா வீட்டில் எல்லாரும் சுகந்தானே? மாமாவின் இளையவள் கண்ணகை இப்போதும் அம்மன் கோயிலுக்கு வருகிறாளா?

தங்கள் தம்பி,
கதிர்காமத்தம்பி

~

சித்தாண்டி,
ஐப்பசி 12, 1938.

அன்பான தம்பிக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. சளி, இருமல் தவிர வேறு நோயில்லை. நீ நனையாமல் இரு.

நீ சொன்னபடி தட்டியை இறக்கிவிட்டோம். இப்போது நன்றாகத் தெரிகிறது. நிறம் முதலில் முதுகுப் பக்கம் வந்து, நெல் முற்றுகிற மாதிரி மெல்ல வாய்ப் பக்கம் இறங்குகிறது. மூக்கு நுனி மெல்லியது அல்லவா, அங்கே மட்டும் நிறம் முந்தி ஓடிவிடுகிறது. அதனால் நுனியைத் தணலுக்கு வெளியே பிடிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கப் பார்க்க அழகு. இத்தனை வருடம் துருத்தி ஊதியும் நான் இதைக் கவனித்ததே இல்லை.

அத்தான் எழுதவில்லை என்று குறை நினைக்காதே. சம்மட்டி பிடித்த கைக்குப் பேனை கனக்கிறதாம். வீட்டு வாசலிலிருந்து கம்மாலைக்கும், அங்கிருந்து கிணற்றடிக்கும் இடுப்பளவில் கயிறு கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் துணி காயப்போட வசதி.

கண்ணகை நேற்று முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். தைக்கு நீ வருவாயா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினாள். நிமிரவே இல்லை. கோயிலுக்கு வருகிறாளா என்று நீ கேட்டிருந்தாயே, வருகிறாள்.

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை

~

சித்தாண்டி, பெரிய கம்மாலை,
கார்த்திகை 3, 1938.

மருமகன் கதிர்காமத்தம்பிக்குச் சாமித்தம்பி எழுதுவது.

நானும் குடும்பத்தாரும் கடவுள் கிருபையில் இருக்கிறோம். நீரும் அப்படியே இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கொல்லர் கூட்டத்துக்குத் தலைமை என்று என்னை வைத்திருக்கிறார்கள். அதனால் சிலதைக் கேட்காமல் இருக்க முடியாது. உமது அத்தான் வினாயகமூர்த்தி செய்த தாக்கத்திகள் கோடையில் உடைந்தன. ஆவணித் திருவிழாவில் அவர் எனக்கு எதிரே வந்தும் பேசாமல் போனார். பெருமை என்று நினைத்தேன். பிறகு கோயில் தூணுக்கு வழிவிட்டு ஒதுங்கியதைக் கண்டேன். அவருக்குக் கண் தெரிகிறதா, இல்லையா? நீர் அந்த வீட்டுப் பிள்ளை. உமக்குத் தெரிந்திருக்கும்.

தையில் உலைக்கூட்டம். வழக்கம்போல ஒவ்வொரு கம்மாலைக்காரரும் எல்லார் முன்னிலும் ஒரு தாக்கத்தி அடித்துக் காட்ட வேண்டும். காட்டியவருக்கு அவர் வட்டையின் வேலையுரிமை நிலைக்கும். தவறினால் வட்டை கை மாறும், மாறினது திரும்பாது. பத்துப் பேர் முன்னே அவர் அவமானப்படுவதை நான் விரும்பவில்லை. கண் இல்லை என்று நீர் ஒரு வரி எழுதினால் போதும். கூட்டத்துக்கு முன்பே மரியாதையாக முடித்துவிடலாம்.

நெடுங்கண்டல் வட்டை அப்படி ஒழிந்தால் அதை உமக்குத் தருவதில் யாருக்கும் மறுப்பில்லை. உமது தகப்பனார் ஆண்ட வட்டை அது. நம் வழக்கப்படி வீடும் கம்மாலையும் மகளுக்குப் போயின, வட்டை மருமகனுக்குப் போயிற்று, நீர் கைத்தொழிலோடு வெளியே நின்றீர். அது எனக்கும் மனக்குறைதான். என் இளைய மகள் கண்ணகைக்கு வீடும் வளவும் எழுதியாயிற்று. வருகிறவனுக்கு ஒரு வட்டைதான் இல்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

உமது பதிலைப் பார்த்திருக்கிறேன்.

சாமித்தம்பி

~

திருகோணமலை,
கார்த்திகை 11, 1938.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? தூதுவளையை மறக்க வேண்டாம்.

சாமித்தம்பி மாமா சுகம் விசாரித்து எழுதியிருந்தார்.

அக்கா, ஒன்றை நேராகக் கேட்கிறேன். கோபிக்காதீர்கள். கிணற்றடியில் துணி காயப்போட வேலி இருக்கிறது. மழைக்காலத்தில் வெளியே கட்டிய கயிற்றில் எந்தத் துணி காயும்? நுனியில் நிறம் முந்தி ஓடுகிறது என்று எழுதினீர்கள். துருத்தியில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. இரும்புக் குறடு பிடித்துத் தணலுக்கு மேல் குனிந்தவர்களுக்கே தெரியும்.

அத்தானுக்குக் கண் எப்படி?

தங்கள் தம்பி,
கதிர்காமத்தம்பி

~

சித்தாண்டி,
மார்கழி 20, 1938.

தம்பி,

உயிரோடு இருக்கிறோம். வெள்ளம் வந்து தபாலும் சில நாள் நின்றது. ஆனால் பதில் பிந்தியதற்கு வெள்ளத்தைச் சாட்டினால் பொய்யாகும். உன் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பானையைத் தொடும்போதெல்லாம் உன் கேள்வி கையில் பட்டது. நேற்று அத்தான், "தம்பிட்ட மறைச்சு என்ன காணப்போறாய்? எழுது" என்றார்.

அவருக்கு இடது கண் போய் ஒரு வருடம். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது, உருவம் தெரியாது. மட்டக்களப்பில் டாக்டரிடம் காட்டினோம். உலை நெருப்பைப் பார்த்துப் பார்த்துப் படர்ந்த வெள்ளை என்றார். நன்றாக முற்றிய பிறகு வெட்டி எடுக்கலாமாம், பார்வை ஓரளவு திரும்புமாம். எப்போது முற்றும் என்று கேட்டேன். பொறுக்க வேண்டும் என்றார். மாம்பழத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அடிப்பதற்கு அவருக்குக் கண் வேண்டாம். இரும்பு கைக்குள் எப்படி நீளுகிறது என்று சம்மட்டியே சொல்லிவிடுகிறது. பல் வெட்டுவதும் விரலால் தடவித்தான், முந்தியும் அப்படித்தான். நிறம் மட்டுந்தான் அவரிடம் இல்லை. அது என்னிடம் இருக்கிறது. தோய்ச்சல் நேரத்தில் பேசக்கூடாதே, அதனால் ஒரு வழி செய்தோம். நான் துருத்தியில் இருந்தபடி நிறத்தைப் பார்ப்பேன். ஏறும் வரை மெல்ல ஊதுவேன். நான் ஊதுவதை நிறுத்தினால் அவர் எடுத்துத் தோய்ப்பார். தொடக்கத்தில் எனக்கு நிறம் பிடிபடவில்லை, முந்தி நிறுத்திவிட்டேன். போடியாரின் தாக்கத்திகள் அப்படித்தான் உடைந்தன. தனியாக இருந்து பழக நானே குறட்டையும் பிடித்தேன். இப்போது ஒன்றும் உடைவதில்லை.

புருஷன் அடிக்கப் பெண்சாதி துருத்தி ஊதுவது வழக்கந்தான், கூட்டத்திலும் தடையில்லை. தையில் நானே ஊதுவேன். யாருக்கும் தெரியாது. அவர் கண் திரும்பும் வரை வட்டை கையில் இருந்தால் போதும். அது போனால் நாங்கள் எந்த ஊரில் போய் எந்த உலையில் நிற்பது?

உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அக்கா

~

திருகோணமலை,
மார்கழி 27, 1938.

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். பதில் எழுதப் பிந்தியதைப் பொறுக்க வேண்டும்.

அத்தானின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டம் பார்க்க வேண்டியது கத்தியை என்று நினைக்கிறேன். அரிசி நல்லதா என்று அறியச் சோற்றைத்தானே தின்று பார்க்கிறோம், விதைத்தவனின் கையைப் பார்ப்பதில்லையே. அவர் வழக்கப்படி உலை வைக்கட்டும். தாக்கத்தி தவறினால் தாங்கள் செய்வது நியாயம். தவறாவிட்டால் வட்டை அவருடையது.

தாங்கள் எழுதிய மற்ற விஷயத்தைப் பல தரம் படித்தேன். என்னை அந்த அளவுக்கு நினைத்ததற்கு நன்றி. ஒழியாத வட்டையை வைத்து அதற்குப் பதில் எழுத என்னால் முடியவில்லை.

தங்கள் மருமகன்,
கதிர்காமத்தம்பி

~

சித்தாண்டி,
தை 22, 1939.

அன்பான தம்பிக்கு,

நாங்கள் சுகம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோயில் வெளியில் பந்தல் போட்டு உலைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். போடிமார் வேலிக்கு அப்பால் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. அத்தான் அடிக்கத் தொடங்கினார். அவர் அடி விழுந்த விதத்தைப் பார்த்துப் பக்கத்து உலைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். முதல் தோய்ச்சல் சரியாக வந்தது. வாயை அராவிவிட்டு இரண்டாம் தரம் தணலில் வைத்தார். பந்தலில் பேச்சு அடங்கியது.

அப்போது சாமித்தம்பி மாமா எழும்பி வந்தார். பேசக்கூடாத நேரம் அல்லவா, என் தோளைத் தொட்டு எழும்பச் சொல்லிக் கைகாட்டினார். தன் மூத்த மருமகனைத் துருத்தியில் இருத்தினார். நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன்.

அந்த ஆள் விடாமல் ஊதுகிறார். அத்தான் குறட்டைப் பிடித்தபடி காத்திருக்கிறார். துருத்தி நிற்கும், நிற்கும் என்று செவியைச் சாய்த்தபடி நிற்கிறார். எனக்கு அங்கிருந்தே தெரிகிறது தம்பி. வைக்கோல் நிறம் முதுகில் வந்துவிட்டது. இறங்குகிறது. வாய்க்கு வந்துவிட்டது. பழுத்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் செம்மை ஓடிவிடும். அத்தனை பேரும் ஊமையாக நிற்கிறார்கள்.

"எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் எடுத்தார். தோய்த்தார். சுர்ரென்று சத்தம் எழுந்தது. இரும்பு வெடிக்கும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானுந்தான் பார்த்தேன்.

மாமா தாக்கத்தியை வாங்கினார். சுண்டிப் பார்த்தார். காய்ந்த வீரைக் கட்டையில் கொத்தினார், நுனியைக் கட்டையில் செருகி வளைத்தார். வளைந்து நிமிர்ந்தது. பல் ஒன்றும் போகவில்லை. பிறகு அத்தானைப் பார்த்து, "ஆர்ட கண்ணால பாத்து எடுத்தீர்?" என்று கேட்டார்.

அத்தான், "என்ட கண் அங்க பொம்பிளையளுக்குள்ள நிக்குது மாமா. நீங்கதானே எழுப்பி அனுப்பினீங்க" என்றார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். உடனே சண்டை தொடங்கியது. கண் இல்லாதவனுக்கு வட்டை ஏது என்று சிலர். தோய்ச்சலில் பெண் குரல் கேட்டது தீட்டு என்று சிலர். வேலிக்கு அப்பாலிருந்து முகைதீன்பாவாப் போடியார், "தீட்டோ தீட்டில்லையோ, அந்தத் தாக்கத்தியை இங்கால தாங்க. என்ட வயல் விளைஞ்சு நிக்கி, உங்கட சண்டை முடியுமட்டும் நெல்லு நிக்காது!" என்று கத்தினார்.

மாமா தாக்கத்தியை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கத்தியில பிழை இல்ல. பேச்சிலதான் பிழை. பேசினதுக்குக் குற்றமாகக் கோயிலுக்கு எண்ணெய் ஊத்தட்டும். வட்டை இருந்த இடத்தில இருக்கட்டும்" என்றார். கூட்டம் ஒத்துக்கொண்டது.

வட்டை எங்களோடு நின்றுவிட்டது தம்பி. ஆனால் நான் அன்று சந்தோஷமாக வீடு திரும்பவில்லை. எண்ணெய் ஊற்றக் கோயிலுக்குப் போனபோது மாமா அருகில் வந்தார். "உன்ட தம்பி ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் கூட்டமே தேவைப்பட்டிராது, மகள். வட்டையும் அவனுக்கு, என்ட பிள்ளையும் அவனுக்கு. அவன் எழுதல்ல" என்றார். கோபமா, மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை.

கார்த்திகையில் உனக்கு வந்தது சுகம் விசாரித்த கடிதம் என்று எழுதினாய். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை

~

திருகோணமலை,
மாசி 6, 1939.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றே படித்தேன். "எடுங்க" என்ற இடத்தில் நானும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தானுக்கு என் வணக்கம். அவர் மாமாவுக்குச் சொன்ன பதிலை இங்கே எங்கள் பட்டறை ஆட்களுக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

இங்கே புதிதாக ஒரு பாரந்தூக்கி வந்திருக்கிறது. அதன் சங்கிலி ஒவ்வொரு கண்ணியும் என் கையளவு. வேலை கூடிவிட்டதால் சித்திரை வருஷத்துக்கு லீவு கிடைக்காது. பெரிய ஒழுங்கைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டேன். முன்னால் ஒரு வேம்பு, பின்னால் கிணறு. தனி ஆளுக்கு அது பெரிய வீடுதான்.

மாமா சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அவர் பேச்சுவாக்கில் எழுதியது. அவர் மகளுக்கு அக்கரைப்பற்றுப் பக்கம் நல்ல சம்பந்தம் இருப்பதாகக் கேள்வி. நல்லது. அங்கே வட்டைகள் பெரியவை.

அத்தானின் கண்ணை ஆவணியில் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

தங்கள் தம்பி,
கதிர்காமத்தம்பி

~

சித்தாண்டி,
மாசி 25, 1939.

அன்பான தம்பிக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. அறுவடை தொடங்கிவிட்டது. விடியற்காலை முதல் வட்டை முழுக்க எங்கள் தாக்கத்திச் சத்தந்தான். போடியார் வந்து, "மகள், இந்த முறை அப்பளம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாரந்தூக்கியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை. வாசித்து முடித்தபின் அத்தான், "வாசல் பக்கம் ஆள் நிக்குது, வரச் சொல்லு" என்றார். கண் இல்லாதவருக்குத்தான் அது முதலில் தெரிந்தது. கண்ணகை நின்றாள். முழுவதையும் கேட்டிருந்தாள்.

"அக்கரைப்பற்று சம்பந்தமாம், வட்டை பெரிசாம்" என்று நான் பேச்சைத் தொடங்கினேன். "எனக்கு வட்டை என்னத்துக்கு அக்கா, நானா உழப்போறன்?" என்றாள். பிறகு உட்கார்ந்து சுளகை எடுத்து என் அரிசியைப் புடைத்தாள். முன்பே புடைத்த அரிசி அது. நான் சொல்லவில்லை.

இந்த ஊரில் தாய் தந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷன் இருக்கும் ஊருக்குப் போன பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. மாமாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் பந்தலில் கிளம்பியதைவிடப் பெரிய சத்தம் கிளம்பும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தனை பேர் முன்னே ஒரு தரம் வாய் திறந்தவளுக்கு மாமா ஒருவர் முன்னே திறப்பது பாரமில்லை.

போகும்போது வேலிப் படலையடியில் நின்று, உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், பாரந்தூக்கியை இழுக்காமல், அதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

"அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டாள்.

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை